கண்ணாடி மாளிகையில் ஒரு பால்மரம்

ஐரோப்பாவில் நாம் மாணவராய் வாழ்ந்த நாள்களைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனத் தலைமையாசிரியர் ஐயா அவர்கள் கேட்டிருந்தார். கண்ட நகரங்களையும் காட்சிகளையும் வரிசைப்படுத்தி எழுதினால் மாணவச் செல்வங்களுக்குப் பயன்படும் என்பது அன்னாரின் விருப்பம். எழுத அமர்ந்தபோது வரிசையாக ஒன்றும் வரவில்லை. இலண்டன் மாநகரில் மூன்றாண்டுகள் வாழ்ந்தோம், பாரிசுக்குப் போனோம், கடல் கடந்து ஆலந்துக்கும் போய் வந்தோம். இருந்தும் நினைவில் முந்திக்கொண்டு வந்து நிற்பது ஒரு மரம். அதுவும் நம் ஊர் மரம். ஆகவே அம்மரத்தைப் பற்றியே எழுதத் துணிந்தோம். தலைமையாசிரியர் ஐயா பொறுத்தருள்வாராக.

நாம் பிறந்து வளர்ந்தது கெடா மாநிலத்தின் கூலிம் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். நம் பள்ளி அப்போது அத்தோட்டத்தின் நடுவே, ஆயாக் கொட்டகைக்கும் மாரியம்மன் கோவிலுக்கும் இடையில் இருந்தது. இன்று பள்ளி பட்டணத்தருகே புதுக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. தோட்டத்திலும் பால்மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டுவிட்டார்கள். இம்மலரைப் படிக்கும் தம்பி தங்கையருள் பலர் பால்மரத்தை நேரில் கண்டிருக்க மாட்டீர்கள். பெரட்டு, மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால் முதலிய சொற்களை உங்கள் பாட்டிமார் பேச்சில் கேட்டிருக்கலாம். எம் தாயாருக்கோ அவைதாம் வாழ்க்கை.

நாம் ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போதே தந்தையார் காலமாகிவிட்டார். தாயார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சோறு வடித்து வைத்துவிட்டு, பெரட்டில் பெயர் கொடுத்து, நெற்றியில் கட்டிய விளக்குடன் கித்தாக் காட்டுக்குள் நுழைவார். நாளொன்றுக்கு ஐந்நூறு மரங்களுக்கு மேல் சீவ வேண்டும். பள்ளி விடுமுறைகளில் நாமும் உடன் சென்று மங்கு துடைத்திருக்கிறோம். முந்திய வெட்டின் மேல் காய்ந்து கிடக்கும் கோட்டுப்பாலை உரித்து இழுத்துப் பந்தாக உருட்டி விளையாடியிருக்கிறோம். தாயாரின் கையில் உளி போகும் வேகத்தைப் பார்த்தால் அவர் மரத்தை வெட்டுவதாகவே தோன்றாது. தடவிக் கொடுத்துக்கொண்டு போவது போலிருக்கும்.

2007-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்று, இலண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலப் புறப்பட்டோம். அம்மன் கோவில் வாசலில் தோட்டத்து மக்கள் கூடி 1,140 வெள்ளி சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் ஐந்து வெள்ளித் தாள்களே மிகுதி. குளிர்ச் சட்டை வாங்கிக்கொள் என்றார்கள். ஆயாக் கொட்டகைப் பாட்டி எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். விமானம் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்தது. அவ்வளவு நேரமும் புட்டி உடையக்கூடாதே என்ற கவலைதான் எமக்கு.

இலண்டன் சென்ற முதல் வாரத்திலேயே நாம் ஒரு காரியம் செய்தோம். விடுதியின் பொது அறையில் புதிய மாணவர்கள் வட்டமாய் அமர்ந்து தத்தம் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவரின் தந்தை மருத்துவர். ஒருவரின் தாய் வழக்கறிஞர். எம் முறை வந்தபோது, “எங்கள் குடும்பம் ரப்பர்த் துறையில் இருக்கிறது” என்றோம். கேட்டவர்கள் எமக்குத் தோட்டமே சொந்தம் என்று எண்ணிக்கொண்டார்கள். எத்தனை ஏக்கர் என்று ஒருவர் கேட்டதற்கும் மழுப்பலாகச் சிரித்து வைத்தோம். பொய் சொல்லவில்லை, அவர்கள் தாமாகத் தவறாக எண்ணிக்கொண்டார்கள் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். பட்டை உரியாத பொய் அது.

ஆங்கிலத்தில் மறைத்தது போதாதென்று தமிழிலும் மறைத்தோம். இலண்டனின் கிழக்கே ஈஸ்ட் ஹாம் என்னும் பகுதியில் தமிழர் கடைகள் நிறைய உண்டு. புளியும் வெந்தயமும் வாங்கப் போனபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய கடைக்காரர் ஒருவர், “தம்பி எவ்விடம்? மலேசியாவோ? அம்மா அப்பா அங்கே என்ன செய்கினம்?” என்று அன்போடு விசாரித்தார். அவருக்கும் அதே விடைதான். ஊரை விட்டு வந்தவரின் துயரம் அவருக்குத் தெரியாததா? அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றி ஒரு சொல். எம் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு சன்னல். டிசம்பர்த் திங்களில் காலை எட்டு மணிக்குத்தான் வெளுக்கும். மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். மழை நம் நாட்டு மழையைப் போல் கொட்டித் தீர்த்துவிட்டு ஓயாது. நாள் முழுவதும் சிணுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் இரவு பொதுச் சமையலறையில் கடுகும் மிளகாயும் தாளித்தோம். புகையைக் கண்டு தீ எச்சரிக்கை மணி அலறிவிட்டது. விடுதியிலிருந்த அத்தனை பேரும் படுக்கை உடையோடு குளிரில் தெருவில் நிற்க, தீயணைப்பு வண்டி வந்து நின்றது. வீரர் ஒருவர் சட்டியை எட்டிப் பார்த்து, “வாசனை நன்றாயிருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் தாளிப்பை விட்டொழித்தோம். தாளிக்காத இரசத்தை ஒருவன் எத்தனை நாள் குடிக்க முடியும் என்பதையும் அறிந்துகொண்டோம்.

உபகாரச் சம்பளம் உணவுக்கும் உறையுளுக்கும் சரியாய்ப் போயிற்று. மிச்சம் பிடிக்க வேண்டுமென்று ஒரு வேலை தேடிக்கொண்டோம். அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. நகரத்து வணிகர்கள் வந்து அமருமுன்னே தரையும் மேசையும் பளிச்சென்று இருக்க வேண்டும். ஆகவே வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுவோம். அந்நேரத்துப் பேருந்தில் ஏறிப் பார்த்தால்தான் இலண்டனின் மற்றொரு முகம் தெரியும். ஆப்பிரிக்கரும் தென்னமெரிக்கரும் வங்காளியரும் தலையைச் சன்னலில் சாய்த்து உறங்கிக்கொண்டே வேலைக்குப் போவார்கள். யாரும் யாருடனும் பேசுவதில்லை. எம் தாயார் அந்நேரம் என்ன செய்வார் என்று கணக்கிடுவோம். அங்கே நண்பகல் கழிந்திருக்கும். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியிருப்பார். நாமும் விடியலில் எழுகிறோம், அவரும் விடியலில் எழுகிறார். இந்த வேலையையும் வகுப்புத் தோழரிடம் சொன்னதில்லை.

2009 பிப்ரவரி 2-ஆம் நாள் இலண்டனில் பெரும்பனி பெய்தது. பேருந்துகள் அனைத்தும் நின்றுபோயின. அவ்வளவு பனியை அந்நகரம் பதினெட்டு ஆண்டுகளாகக் கண்டதில்லை என்றார்கள். அதற்குச் சில நாள் கழித்து எம் தாவரவியல் ஆசிரியர் வகுப்பு மாணவரைக் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். தேம்சு ஆற்றங்கரையில் உள்ள அத்தோட்டம் உலகப் புகழ் வாய்ந்தது. 2003-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் நடுவே இரும்பும் கண்ணாடியும் கொண்டு 1848-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய மாளிகை ஒன்று நிற்கிறது. பாம் ஹவுஸ் என்பது அதன் பெயர். வெப்ப நாட்டு மரங்களை அக்குளிர் நாட்டில் உயிரோடு வைத்திருப்பதற்காக உள்ளே எப்போதும் வெம்மையும் ஈரமும் ஊட்டிக்கொண்டே இருப்பார்கள்.

வெளியே காலணி புதையும் பனி. கதவைத் திறந்து உள்ளே அடி வைத்ததும் எம் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று. கண்ணுக்கு முன்னே மூக்குக்கு அந்த இடம் புலனாயிற்று. நனைந்த மண், மக்கிய இலை, ஈரப் பட்டை. விடுமுறை நாள் காலையில் தாயாரின் பின்னால் நடக்கும்போது வீசும் அதே வாடை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் வாழையும் கொக்கோவும் நின்றன. இன்னும் சில அடி நடந்ததும் பால்மரம்.

மரத்தின் முன் பெயர்ப் பலகை இருந்தது. ஆசிரியர் அதன் வரலாற்றைச் சொல்லலானார். ரப்பரின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடுகள். பென்சில் கோட்டை அப்பொருள் அழிப்பதை 1770-இல் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் எழுதி வைத்தார். தேய்த்து அழிப்பது என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் ரப்பர் என்ற பெயரே வந்தது. உங்கள் பென்சில் பெட்டியில் இருக்கும் அழிப்பானுக்கு அவ்வளவு பழைய கதை உண்டு. 1876-இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளைக் கப்பலில் கொண்டுவந்து கியூ தோட்டத்தில் சேர்த்தார். முளைத்தவை 2,700 அளவே. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாருக்குச் சென்றன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது.

1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்தார் ரிட்லி என்பவர். மரத்தைக் கொல்லாமல் நாளும் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தவர் அவர். தோட்டக்காரர்களின் சட்டைப் பையில் ரப்பர் விதைகளைத் திணித்து நடுமாறு வற்புறுத்துவாராம். அதனால் அவரைப் பித்தர் என்றே அழைத்தார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். 1888-இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தைச் செய்திருந்தார். பின்பு மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்த கதை அங்கிருந்து தொடங்குகிறது. ரிட்லி நூறு வயது வாழ்ந்து, 1956-இல் அதே கியூ பகுதியில்தான் காலமானார்.

ஆசிரியர் சொல்லச் சொல்ல நாம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் நாம் பார்த்த வரையில் ஒரு வெட்டு இல்லை. தழும்பு இல்லை, கம்பி கட்டிய மங்கு இல்லை, வழிந்து கறுத்த கோடு இல்லை. நம் தோட்டத்தில் அப்படி ஒரு மரத்தை நாம் கண்டதே இல்லை. வேலைக்கே போகாத பிள்ளையின் கையைப் போல அத்தனை வழுவழுப்பாக இருந்தது.

அப்போது ஆசிரியர் ஒரு வினாவை எழுப்பினார். சீவும் கோடு இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் சரிவாகப் போகிறதே, மாற்றி வெட்டினால் என்ன? ஒருவரும் விடை கூறவில்லை. எம் வாய் தன்னால் திறந்துகொண்டது. பால் குழாய்கள் பட்டைக்குள் நேராக மேலே ஏறுவதில்லை. சற்றே வலப்புறம் சாய்ந்து சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபட்டுப் பால் நன்கு வடியும் என்றோம். ஆழம் எவ்வளவு என்றார். பட்டையின் உட்புறத்தில் மரத்தை ஒட்டினாற்போல் மெல்லிய வளர்படலம் உண்டு; அதைத் தொட்டும் தொடாமலும் ஒரு மில்லிமீட்டர் விட்டு உளியை நிறுத்த வேண்டும்; உளி உள்ளே பட்டுவிட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும், பின்பு அங்கே சீவ முடியாது என்றோம். விடியலில் ஏன் வெட்டுகிறார்கள்? வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும்.

ஆசிரியர் வியந்து போனார். “உங்கள் தோட்டத்து மேலாளர் சொல்லிக் கொடுத்தாரோ?” என்று கேட்டார்.

ஆம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அடுத்த மரத்துக்குப் போயிருப்பார்கள். எம் வாயில் அந்த ஆம் வரவில்லை. ஐந்நூறு மரம் சீவிவிட்டு வந்து, கையில் ஒட்டிய பாலை உரித்துக்கொண்டே எமக்கு வாய்ப்பாடு கேட்டவரை மேலாளர் என்று எப்படிச் சொல்வது? “இல்லை. எங்களுக்குத் தோட்டம் கிடையாது. எம் தாயார் பால்மரம் சீவும் தொழிலாளி. அவர் வெட்டுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்” என்றோம். குரல் நடுங்கியது என்று பின்னர் ஒரு தோழர் சொன்னார்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு கணம் அமைதி. ஆசிரியர் நன்றி கூறிவிட்டு அடுத்த மரத்துக்கு நடந்தார். பதினேழு மாதங்களாக நாம் தூக்கிச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தால் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட ஆளில்லை. திரும்பும் வழியில் பாதாள ரயிலில் பக்கத்தில் வந்து அமர்ந்த தோழி ஒருத்தி மட்டும், தன் பாட்டனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி என்றும், ஈஸ்டர் விடுமுறையில் தன் ஊருக்கு வரவேண்டுமென்றும் சொன்னாள். அவள் வேல்ஸ் நாட்டுப் பெண்.

ஏப்ரலில் புறப்பட்டோம். இலண்டனிலிருந்து கார்டிப் நகருக்கு ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம். இடையே செவர்ன் ஆற்றின் அடியில் ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப் பாதை உண்டு, 1886-இல் திறந்தது. சுரங்கத்தைக் கடந்தால் நிலையப் பலகைகளில் இரண்டு மொழிகள். ஒன்று ஆங்கிலம், மற்றொன்று வேல்ஸ் மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குள்ள பள்ளிகள் பலவற்றில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டுத் தண்டித்தார்களாம். 1939-இல் அபெரிஸ்ட்வித் என்ற ஊரில் வேல்ஸ் மொழியிலேயே கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஒன்று ஏழு பிள்ளைகளுடன் தொடங்கியது. இன்று அத்தகைய பள்ளிகள் அந்நாடெங்கும் உள்ளன. நம் பள்ளியில் மாணவர் தொகை குறைந்துவிட்டதென்று ஆண்டுதோறும் கவலைப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்லி வைக்கிறோம்.

தோழி எம்மைப் பிளேனாவன் என்னும் ஊரிலுள்ள பிக் பிட் சுரங்கத்துக்கு அழைத்துச் சென்றாள். 1980-இல் மூடப்பட்ட அச்சுரங்கம் 1983 முதல் காட்சியகமாக உள்ளது. பொறி கிளம்பி ஆவி வெடிக்கக்கூடாதென்று கைக்கடிகாரம், கைப்பேசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தலைக்கவசமும் விளக்கும் மாட்டி, இரும்புக் கூண்டில் ஏற்றி 90 மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். வழிகாட்டி முன்பு சுரங்கத்தில் வேலை செய்தவர். கீழே, வண்டி இழுத்த குதிரைகளுக்கான தொழுவம் அப்படியே இருக்கிறது; ஒவ்வொரு குதிரையின் பெயரும் எழுதிய பலகை மேலே தொங்குகிறது. முற்காலத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகளும் அங்கே இருட்டில் உட்கார்ந்து, வண்டி வரும்போது கதவைத் திறந்து மூடும் வேலை செய்தார்கள். பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்து 1842-இல்தான் சட்டம் வந்தது. வழிகாட்டி எல்லாரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். அந்த இருட்டைப் போன்ற இருட்டை நாம் அறிந்ததில்லை. நம் கித்தாக் காட்டில் விடியலுக்கு முன் இருட்டுத்தான். ஆயினும் மேலே வானம் என்று ஒன்று உண்டு.

மாலையில் பாட்டனார் வீட்டில் தேநீர் அருந்தினோம். குளிர்காயும் அடுப்பின் மேல் மாடத்தில், வீட்டுக்கு வருவோர் கண்ணில் முதலில் படும் இடத்தில், பித்தளையாலான சுரங்க விளக்கு ஒன்று துடைத்து மெருகேற்றி வைக்கப்பட்டிருந்தது. நம் வீட்டில் உளியும் வாளியும் கொல்லைப்புறத்தில் கிடக்கும். விருந்தினர் வந்தால் கோணிச் சாக்கைப் போட்டு மறைத்து வைப்போம். பாட்டனார் நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டவர்; நான்கு சொல் பேசினால் இரண்டு முறை இருமுவார். 1984, 1985-இல் ஓராண்டு நடந்த பெரிய வேலை நிறுத்தத்தில் இறுதிவரை நின்றதைச் சொன்னார். பின்பு எம் தாயாரைப் பற்றிக் கேட்டார். என்ன கருவி என்றார். தாளில் உளியை வரைந்து காட்டினோம். எத்தனை ஆண்டுகள் என்றார். பதினாறு வயதிலிருந்து என்றோம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “அவருக்கு எவ்விடம் வலிக்கும்?” என்று கேட்டார்.

எமக்கு விளங்கவில்லை.

“எங்களுக்கு முழங்காலும் நெஞ்சும். அந்த வேலைக்கு எவ்விடம் வலிக்கும்?”

பால் குழாய் எத்திசையில் சாய்ந்து ஏறுகிறது என்று இலண்டனில் வகுப்பே வியக்கச் சொன்னவருக்கு இதற்கு விடை தெரியவில்லை. இருபத்திரண்டு வயதாகிவிட்டது, ஒரு நாளும் நாம் இதைத் தாயாரிடம் கேட்டதில்லை.

மறுநாள் தொலைபேசி அட்டை வாங்கி வீட்டுக்கு அழைத்தோம். நம் நாட்டில் இரவு எட்டு மணி. சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்ற வழக்கமான விசாரணை முடிந்ததும் கேட்டுவிட்டோம். மறுமுனையில் பேச்சில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினோம். பிறகு மெதுவாகச் சொன்னார்: “வலது மணிக்கட்டு ஐயா. மழைக்காலத்தில் விரல் மடங்காது. கோடு கீழே இறங்கிவிட்டால் குனிந்து குனிந்து இடுப்பு. மேலே வெட்டுகிற மரம் என்றால் கழுத்து.” சற்று நிறுத்தி, “ஏன் ஐயா கேட்கிறாய்? யாராவது ஏதாவது சொன்னார்களா?” என்றார். ஒன்றுமில்லை அம்மா என்றோம்.

அதற்குமுன், அலுவலகம் கூட்டிச் சேர்த்த பணத்தில் கணிப்பொறி ஒன்று வாங்குவதாக இருந்தோம். அதை அப்படியே வைத்துவிட்டோம். பிறையில் தொழிற்சாலை வேலைக்குப் போன தமக்கையாரும் கொஞ்சம் சேர்த்தார். 2010 ஜூலையில் எம் பட்டமளிப்பு விழாவுக்குத் தாயார் இலண்டன் வந்து இறங்கினார். அதுவே அவரது முதல் விமானப் பயணம். கோடைக்காலம்தான், அவர் கம்பளிச் சட்டையைக் கழற்றவே இல்லை. இரவு ஒன்பது மணியாகியும் வெளிச்சம் இருப்பதைக் கண்டு, “விளக்கு வைக்கிற நேரமே வரவில்லையே, எப்படித் தூங்குவது?” என்று உட்கார்ந்திருந்தார். அரண்மனை, கோபுர மணிக்கூண்டு, ஆற்றுப் பாலம் எல்லாம் காட்டினோம். எல்லாவற்றையும் “நன்றாயிருக்கிறது” என்ற ஒரே சொல்லால் கடந்துவிட்டார். ஐகேட் முருகன் கோவிலில் மட்டும் நெடுநேரம் இருந்தார்.

விழா நாளன்று வேல்ஸ் தோழி எம் தாயாரிடம் ஒரு சிறு பொட்டலம் கொடுத்தாள். பாட்டனார் மூச்சுத் திணறலால் வரமுடியவில்லை. தம் சுரங்கத்திலிருந்து முன்பு எடுத்து வைத்திருந்த கைப்பிடி அளவு நிலக்கரித் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். நாம் தொலைபேசியில் சொல்லியிருந்தபடி தாயாரும் பெட்டியிலிருந்து பழைய செய்தித்தாளில் சுற்றிய தம் உளியை எடுத்துக் கொடுத்தார். தீட்டித் தீட்டி அலகு தேய்ந்த பழைய உளி. “பார்த்து அம்மா, கூர் இருக்கிறது” என்று தமிழிலேயே சொன்னார். அவளுக்கு விளங்கிற்று. அந்த உளி அந்த வீட்டில் விளக்கின் பக்கத்தில் வைக்கப்பட்டதாகப் பின்னர்க் கடிதம் வந்தது. நிலக்கரித் துண்டு எம் வீட்டில் சாமி மேடையின் ஓரத்தில் இருக்கிறது. அதற்கும் வெள்ளிக்கிழமைதோறும் விபூதி கிடைக்கிறது.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள் தாயாரைக் கியூ தோட்டத்துக்கு அழைத்துச் சென்றோம். கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்ததும்தான் கம்பளிச் சட்டையைக் கழற்றினார். “இங்கேதான் ஐயா உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது” என்றார். பால்மரத்தை நாம் காட்டவில்லை, அவரே கண்டுகொண்டார். இலைகளை அண்ணாந்து பார்த்தார். விரல்களை விரித்து மரத்தின் பருமனைச் சாணால் அளந்தார். பட்டையில் நகத்தை வைத்து மெல்ல அழுத்தினார். காவலர் எங்கே பார்த்துவிடுவாரோ என்று எமக்கு அச்சம்.

“யாரும் வெட்டவில்லையா?”

“இல்லை அம்மா. பார்ப்பதற்காக வைத்திருக்கிறார்கள்.”

“வெட்டாத மரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?” என்றார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மரத்தின் பெயரும் அது எங்கிருந்து வந்தது என்பதும் எழுதியிருப்பதாகச் சொன்னோம். நம் தோட்டத்து மரங்களின் பாட்டன் பூட்டன் இந்தத் தோட்டத்தில் முளைத்துத்தான் நம் நாட்டுக்கு வந்தன என்றோம். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, லயத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்ட வேண்டும், ஒரு படம் எடு என்று சொல்லி மரத்தின் அருகே போய் நின்றார்.

நம் தோட்டத்தில் மறு ஆண்டு பால்மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். தாயார் இப்போது எம்முடன் பட்டணத்து வீட்டில் இருக்கிறார். அந்தப் படம் கூடத்துச் சுவரில், உள்ளே வருவோர் கண்ணில் முதலில் படும் இடத்தில் மாட்டியிருக்கிறது. அச்சிட்டு வாங்கிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தோம். புன்னகையோடு நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வலது கை மட்டும் மரத்தின் இடப்புறத்தில் தோளுயரத்துக்கு உயர்ந்து, மணிக்கட்டு மடங்கி, விரல்கள் ஏதோ ஒன்றைப் பற்றியிருப்பது போல் மூடியிருக்கின்றன.